உன் குதிகால் சொன்னதும் என் வாய் சொன்னதும்

என் அருமை மச்சான் லோகுவுக்கு,

வழக்கம்போல் பட்டப்பேரைப் போட்டுத்தான் ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. அதனால் உன் பேரையே எழுதியிருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற கடிதம் இது, பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ ஆறாம் வகுப்பில் பெயிலானவன், அந்த அளவுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்க உனக்கு உரிமை உண்டு.

நீ போய் பத்து மாசமாகிறது. இந்த மழைக்கு ஹந்தானையில் எங்கள் தோட்டத்து லயத்து வீடெல்லாம் ஒழுகுகிறது, உன் வீட்டைத் தவிர. நீ போட்ட தகரம் அப்படியே நிற்கிறது. உன் மகள் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை பாஸ். கணக்கில் மட்டும் உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். என் தங்கச்சி, உன் பெண்சாதி பரமேசு திரும்பவும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள். நான் கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அதே தள்ளுவண்டியில் வடைதான் விற்கிறேன். வடையில் ஓட்டை பெரிதாகிவிட்டது என்கிறார்கள். ஓட்டைக்கு நான் காசு வாங்குவதில்லையே என்கிறேன்.

நீ சாந்து பூசிக்கொண்டிருந்த கட்டடமும் முடிந்துவிட்டது மச்சான். ஹந்தானைப் பாதை வளைவில் நாலு மாடி, முன்னால் கண்ணாடி, வாசலில் இரண்டு பக்கமும் பூச்சட்டி. வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். மூன்றாம் மாடி வெளிச்சுவரில் ஒரு பக்கம் வழவழவென்று இருக்கிறது, மற்றப் பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு. எது உன் கை, எது உனக்குப் பிறகு வந்தவன் கை என்று பாதையில் நின்றே எனக்குத் தெரிகிறது. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்புகிறேன். காவல்காரன் ஒரு நாள் கேட்டான், "என்ன அண்ணே, சளியா?" ஆமாம் தம்பி, பத்து மாசச் சளி என்றேன்.

உனக்கு நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். நான் செய்ததையும்தான்.

அன்று காலையில் நீ பாதையோரக் கானுக்குள் குப்புறக் கிடந்தாய். இரண்டு அடி ஆழம்கூட இல்லாத தண்ணீர்க் கான், கட்டடத்துக்குக் கொஞ்சம் கீழே. பொலிஸ் வருவதற்கு முன்னமே உன்னை வேலைக்கு வைத்திருந்த கொந்தராத்துக்காரர் லயத்துக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கண்ணில் தண்ணீர். பரமேசு தரையில் விழுந்து கிடந்தாள். அவர் என் தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிப்போனார்.

"சந்தனம், மனசைத் தேத்திக்க. மேல சாராய வாடை அடிக்குது. நேத்து அஞ்சு மணிக்கே வேலைய முடிச்சிட்டு எறங்கிட்டாப்ல. எங்கயோ போட்டுட்டு வந்து தடுக்கி விழுந்திருக்காப்ல."

"அவன் குடிக்க மாட்டானுங்களே மொதலாளி."

"நீதானப்பா ஊரெல்லாம் பவுசர், பவுசர்னு கூப்புடுற? இப்ப கேளு. குடிச்சு விழுந்த கேஸ்னா விசாரணை சுருக்கா முடியும். இல்லன்னா கொண்டுபோயி தலையிலருந்து வயிறு வரைக்கும் வெட்டிருவாங்க. பெட்டிக்கு நான் சொல்லிட்டேன். நீ பேச வேண்டியதைப் பேசு."

வெட்டுவார்கள் என்ற சொல் பரமேசு காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து என் காலைப் பிடித்தாள். "அண்ணே, வெட்டாம வாங்கிக் குடுண்ணே. நான் அவருக்குத் தண்ணி ஊத்தணும்ணே." நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாதா? நீர்மாலை எடுத்து வந்து, எண்ணெய் வைத்து, குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி அனுப்பாவிட்டால் போனவன் போகவே மாட்டான் என்று நினைக்கிற சனம். வெட்டித் தைத்து வருகிற உடம்புக்கு அது ஒன்றும் செய்ய முடியாது. துணியைச் சுற்றி, பெட்டியை மூடி, அப்படியே தூக்க வேண்டியதுதான். உன் பெண்சாதி அழுத அழுகைக்கு நான் எதையும் சொல்லியிருப்பேன். சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மரண விசாரணை அதிகாரி மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வயசான மனுசர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"இவர் குடிப்பாரா?"

"குடிப்பாருங்க சேர்."

"எப்பயாவதா, தெனமுமா?"

"தெனமுந்தாங்க. லயத்துல பவுசர்னுதான் கூப்புடுவோம்."

அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதினார். பவுசர் என்றதையும் எழுதினார். வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு அழகாக வைத்த கையெழுத்து வேறு கிடையாது. கோணாமல், நடுங்காமல்.

மச்சான், இதை வாசிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். கோயில் திருவிழா ஒன்றில் யாரோ கொடுத்த கித்துள் கள்ளை அரைக் கிளாஸ் குடித்துவிட்டு நீ சாமி தூக்குகிறவர் வேட்டியில் வாந்தி எடுத்தாய். அதற்குப் பிறகு பதினைந்து வருசமாக நீ எதையும் தொட்டதில்லை. நான்தான் விடவில்லை. எண்ணெய் ஏற்றிப்போகிற பவுசர் லொறி ஒன்று அன்றைக்குக் கோயில் வழியாகப் போனது, அதைப் பார்த்து வைத்த பேர். கல்யாண வீட்டில் நீ தண்ணீர் குடித்தாலும் "பவுசர் நெறையுது, வழி விடுங்க" என்று கத்துவேன். எல்லாரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். மச்சானை மச்சான் கேலி செய்யாமல் வேறு யார் செய்வது என்று நினைத்தேன். அந்தக் கேலியை ஒருவன் பொறுக்கி எடுத்து, துடைத்து, என் வாயிலேயே திரும்ப வைத்தான். நானும் விழுங்காமல் விசாரணைக் கடதாசியில் துப்பினேன்.

அத்தோடு முடிந்துவிட்டது என்று கொந்தராத்துக்காரர் வெளியில் போய் பிளேன்டீ குடித்தார். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அப்போதுதான் பிணம் பார்க்கிற டொக்டர், சட்ட வைத்திய அதிகாரி, என்னைக் கூப்பிட்டார். நம்ம பக்கத்து முஸ்லிம் பெண் பிள்ளை, முப்பது வயசுதான் இருக்கும். நல்லாத் தமிழ் பேசினார், சொல்றதைச் 'செல்றது' என்கிற தமிழ்.

"அண்ணன், உங்க மச்சான்ட பாதத்தைப் பார்த்தீங்களா? ரெண்டும் வீங்கிப்போய் இருக்கு."

"தண்ணியில கெடந்த பாதம் மிஸ். ஊறியிருக்கும்."

"ஊறுனா சுருங்கும். இது வீக்கம்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "வெட்டாமக் குடுத்திருங்க மிஸ். குளிப்பாட்டணும்."

"மொதல்ல கத்தி எடுக்கல்ல. படம் எடுக்கிறேன். கொஞ்சம் இரிங்க."

உன்னைத் தள்ளுகட்டிலில் வைத்து, துணியால் மூடி, எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனார்கள். நினைவிருக்கிறதா, முதுகு வலிக்கு எக்ஸ்ரே எடுக்க உனக்கு மூன்று தடவை திகதி கொடுத்தார்கள். கொந்தராத்துக்காரர் லீவு தரவில்லை என்று மூன்று தடவையும் நீ போகவில்லை. கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் எடுத்தாய். நம்பர் துண்டும் இல்லை, வரிசையும் இல்லை. லீவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் டொக்டர் திரும்பக் கூப்பிட்டு கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். செத்தவர்களையும் இப்படிப் படம் பிடித்துப் பார்ப்பார்கள் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கறுப்பில் வெள்ளையாக எலும்பு. எனக்கு என்ன புரியும்? அவர் பென்சிலால் தொட்டுக் காட்டினார்.

"இது வலது குதிகால். இது இடது. ரெண்டும் நொறுங்கி இருக்கு, பாருங்க."

மிதித்த பிஸ்கட் மாதிரி இருந்தது மச்சான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

"தடுக்கி விழுற ஆள் கைய ஊன்றுவார். மணிக்கட்டு உடையும், இல்லாட்டி முகத்துல அடிபடும். இவருக்கு மணிக்கட்டு ரெண்டும் முழுசா இருக்கு. ரெண்டு குதியும் இப்படிப் போகணும்னா உசரத்துலருந்து, நின்ற மேனிக்கு வந்து எறங்கியிருக்கணும். அந்த அடி காலால ஏறி, இடுப்ப ஒடச்சு, முதுகெலும்புல போய் முடிஞ்சிருக்கு. இதோ, இந்த எலும்பு நசுங்கி இருக்கு."

"எவ்வளவு உசரம் மிஸ்?"

"அத படம் செல்லாது. எந்த எடம்னும் செல்லாது. ரெண்டு அடிக் கான் இல்ல. அது மட்டும் நிச்சயம்."

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "உடனே போயிருப்பானா?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடுப்பெலும்பு ஒடஞ்சிருக்கிற விதத்தைப் பார்த்தா, உள்ளுக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன். தெறந்து பார்த்தாத்தான் சரியாச் செல்லலாம். நான் தெறக்கத்தான் வேணும் அண்ணன். ஆனா எங்க பார்க்கணும்னு இப்ப எனக்குத் தெரியும்."

இந்தத் தடவை நான் கும்பிடவில்லை. பின்னேரம் வெளியே வந்து சொன்னார்: உடனே போன உயிர் இல்லையாம். எத்தனை நிமிசம் என்று கணக்குச் சொல்ல மாட்டாராம், ஆனால் உடனே இல்லையாம். வயிற்றில் சாராயம் இருந்ததாகத் தெரியவில்லையாம். இரத்தம் கொழும்புக்குப் போயிருக்கிறது, பதில் வரும் என்றார். பத்து மாசமாக வருகிறது.

உடனே போன உயிர் இல்லை. அந்த மூன்றாம் மாடியில் நின்று பார்த்தால் ஆஸ்பத்திரிக் கூரை தெரியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இறக்கத்தில் ஓட்டோவை விட்டால் எத்தனை நேரம்? நீ கத்தினாயா? தண்ணீர் கேட்டாயா? யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய்? யாராவது உன் தலையைத் தூக்கி மடியில் வைத்தார்களா, இல்லை எல்லாரும் சேர்ந்து மொதலாளி போன் எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றார்களா?

அன்றைக்கே ஓடிப்போய் விசாரணை அதிகாரியிடம், "சேர், நான் சொன்னது பொய், அவன் குடிக்க மாட்டான்" என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. கையெழுத்து வைத்தாகிவிட்டதே என்று பயந்தேன். படம்தான் பேசிவிட்டதே, இனி என் பேச்சு எதற்கு என்றும் நினைத்தேன். ஊரையே பேசிச் சிரிக்க வைக்கிறவனுக்குப் பேச வேண்டிய நேரத்தில் வாய் செத்துப்போயிற்று.

உன்னைக் குளிப்பாட்டவில்லை மச்சான். பரமேசு ஒரு செம்புத் தண்ணீரைப் பெட்டியைச் சுற்றித் தெளித்தாள், அவ்வளவுதான். கொந்தராத்துக்காரர் மலர்வளையத்தோடு முன்னால் நடந்தார். தப்பு அடிக்கிறவர்கள் அவருக்கு வழி விட்டார்கள். அவர் கையால் உன் பெட்டியில் பூப் போட்டபோது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை எங்கே போயிற்று?

மூன்று மாசம் கழித்து ராசு என் வண்டிக்கு வந்தான். உனக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவன்தான், வேறு யார். வடை கேட்டான். கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு அழுதான்.

"ஏன்டா அழுற? உப்புக் கூடிருச்சா?"

"சந்தனண்ணே, மூணாம் மாடிலருந்துதாண்ணே விழுந்தாரு. ஏறி நின்னு பூசுற பலஞ்சில கட்டுன மூங்கில் சரிஞ்சிருச்சு. நான் கீழ நின்னேன். நேரா வந்து நின்ன மாதிரி எறங்கினாரு."

"பெல்ட்டு?"

"கேட்டாருண்ணே. கட்டிக்கிட்டு வேல செஞ்சா அந்திக்குள்ள முடியாதுன்னு மொதலாளி ஏசுனாரு."

"உசுரு இருந்துச்சா?"

அவன் வடையைப் பார்த்தான்.

"ராசு, உசுரு இருந்துச்சாடா?"

"பேசினாருண்ணே. கால் மரத்துப்போச்சுன்னாரு. ஓட்டோ கூப்புடவான்னு கேட்டேன். மொதலாளி வந்ததும் பார்ப்போம்னாங்க. அவரு வந்தாரு. அதுக்குள்ள..."

பிறகு எல்லாரும் சேர்ந்து உன்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கானில் வைத்தார்களாம். சாராயம் தெளித்தது யார் என்று கேட்டேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றான். அப்படியென்றால் அவனேதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் கையிலிருந்த வடையை வாங்கிக் கீழே போட்டேன். "போடா, போயி கோர்ட்டுல சொல்லு" என்றேன். "எனக்கு மூணு புள்ளைங்கண்ணே" என்றான். லோகுவுக்கு மட்டும் என்ன, பிள்ளையைக் கடையில் வாங்கினானா? கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். இன்றைக்கும் அவரிடம்தான் வேலை செய்கிறான். பாதையில் பார்த்தால் தலையாட்டுகிறான். அந்தத் தலையைப் பிடித்துச் சுவரில் இடிக்கலாம் போலிருக்கிறது.

உன்மேலும் கோபம்தான். பெல்ட் தராவிட்டால் ஏற மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் எவ்வளவு கேலி செய்தாலும் சிரித்தாய், அவர் எவ்வளவு ஏசினாலும் ஏறினாய். ஒருதடவையாவது திருப்பி அடித்திருந்தால் என்ன மச்சான்?

சரி, விசயத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை கண்டியில் நீதவான் விசாரணை. டொக்டர் அந்தப் படங்களோடு வருகிறார். கொந்தராத்துக்காரருக்குப் பெரிய சட்டத்தரணி. உன் எலும்பை அவர்களால் மறுக்க முடியாது. அதனால் கதையை மாற்றிவிட்டார்கள். கான் இல்லையாம். கட்டடத்துக்கு எதிரே பாதையோர மதில் இருக்கிறதே, ஒரு வீட்டு உயரத்துக்கு, வேலை முடிந்து குடித்துவிட்டு அதன்மேல் ஏறி நின்று விழுந்தாயாம். விழுந்தவன் தவழ்ந்து கானுக்கு வந்தாயாம். நொறுங்கிய குதிகாலோடு, உடைந்த இடுப்போடு!

இதற்கு அவர்களிடம் என்ன ஆதாரம்? நான்தான். "இறந்தவரின் மச்சானே சொல்லியிருக்கிறார், தினமும் குடிப்பவர் என்று." போன விசாரணைத் தவணையில் அவருடைய சட்டத்தரணி அதை வாசித்தபோது பரமேசு பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிங்களம் அவளுக்கு விளங்கவில்லை, பக்கத்தில் இருந்தவள் பாதியைத்தான் சொன்னாளாம். வெளியில் வந்து என்னைக் கேட்டாள், "அவரு குடிப்பாருன்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கானாமே, யாருண்ணே அந்த நாய்?" பொலிஸ்காரர்கள் தாங்களாக எழுதிக்கொண்டிருப்பார்கள் என்றேன். அந்த நாய் அப்படித்தான் வாலைச் சுருட்டிக்கொண்டது.

கொந்தராத்துக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார். பேச்சை மாற்றினால் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என்னைத்தான் உள்ளே போடுவார்களாம். இருக்கலாம். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அந்த டொக்டர் பிள்ளை யாருக்கும் பயப்படாமல், தனக்குத் தெரிந்ததை மட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. படத்துக்கு எலும்பைத்தான் தெரியும், உன்னைத் தெரியாது. உன்னைத் தெரிந்தவன் நான் அல்லவா பேச வேண்டும்?

நேற்று பரமேசுவிடம் சொல்லிவிட்டேன். கொழுந்து போட்டுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டாமல் வாங்க வேண்டும் என்றுதான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் வாளித் தண்ணீரை என் மூஞ்சியில் ஊற்றுவாள் என்று நினைத்தேன். ஊற்றவில்லை.

"உசுரோட இருக்கையிலயும் நீ அவர விடல. செத்ததுக்கப்புறமும் விடல, இல்லண்ணே?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மழை பெய்தது. வாசலிலேயே நின்றேன். நீ போட்ட தகரத்துக்கு வெளியே நின்றால் நனையத்தான் வேண்டும். இருட்டப்போகிற நேரம் கதவைத் திறந்தாள்.

"செவ்வாக்கெழம என்ன சொல்லப் போற?"

"நான் சொன்னது பொய்யின்னு. நீயும் நானும் கும்பிடுற சாமி சத்தியமா அவன் குடிக்க மாட்டான்னு. அந்தப் பேரு நான் வெளையாட்டுக்கு வச்சதுன்னு. யாரு என்னைச் சொல்லச் சொன்னாங்கன்னும். ராசு என்கிட்ட சொன்னதையும்."

"ராசு இல்லம்பான்."

"என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டுச் சொல்லட்டும்."

"நானும் வர்றேன். முன்னுக்கு வந்து ஒக்காந்திருப்பேன். நீதவானுக்குக் கேட்டாப் போதும்னு நெனச்சிறாத. எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

அதனால் மச்சான், உனக்கு வாக்குத் தருகிறேன். செவ்வாய்க்கிழமை வடை வண்டி போகாது. தங்கச்சி முன்வரிசையில் இருப்பாள். நான் கூண்டில் ஏறி, சிரிக்காமல், யாரையும் சிரிக்க வைக்காமல், அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன். அதற்குப் பிறகு என்னை வெளியே விட்டாலும் சரி, உள்ளே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
உன் பெண்சாதிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சந்தனம்
ஹந்தானை